எதிர்ப் பாறையின் குரல்

பாலைவனப் பூங்காவில், செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே இறங்கும் பாதையில் கோவர்த்தனன் வெகுதூரம் போய்விட்டார். மூட்டுவலியால் மேலேயே தங்கிவிட்ட அவர் மனைவி செண்பகவல்லி அப்போதுதான் கவனித்தாள், தண்ணீர் பாட்டில் பெஞ்சிலேயே கிடந்தது. கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். காலையில் விடுதி வாசலில் தொப்பியை நீட்டிக் கூப்பிட்டதற்கு, "கிளம்பறப்போ பின்னாலேர்ந்து கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுந்தவர், உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி புறப்பட்டார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் எறும்பாய்ச் சிறுத்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பினால் குரல் அவருக்கு முன்னாலிருந்துதானே வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பாறையைப் பார்த்து, "என்னங்க!" என்று கூவினாள்.

"என்னங்க!" என்றது பாறை.

அவர் நின்றார். தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரையே பார்த்தார். "இரு, வரேன்" என்று அவர் சொன்ன பதிலும் அந்தப் பாறையிலிருந்துதான் அவளுக்குக் கேட்டது. பிறகு பாதையை விட்டு விலகி, குரல் வந்த திசையில் வேகமாக நடக்கத் தொடங்கினார்.

இப்போதும் அவளுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.