அடுப்பு வாடை

மத்தியான வெயிலில் முதுநகர் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை டக்டக்கென்று விரிகிறது. மெக்கானிக் ஆரோக்கியராஜ் பழைய நீலக் காரின் பானெட்டுக்குள் குனிந்திருக்கிறான். ஏசி பைப்பின் மூட்டில் சமையல் கேஸ் வாடை. பக்கத்திலேயே அவன் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: ‘புது கேஸுக்கு மாற்றப்பட்டது.’ இந்த வண்டியின் ஏசியைக் குளிரவைக்கும் பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்று போன மாதம் அவன் சொன்னது உண்மைதான். புது கேஸுக்கு ஆயிலையும் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும்; அதற்குச் சோம்பல்பட்டு வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து ஏற்றிவிட்டிருந்தான். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது. “நீங்க மாத்துனதுலேர்ந்து சிதம்பரம் வரைக்கும் சில்லுன்னு போறோம்ண்ணே. இந்த அடுப்பு வாடைதான் போவல,” என்கிறாள் முன்சீட்டிலிருந்து காரின் சொந்தக்காரி பிரிசில்லா, கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். அவன் நான்கு கதவுகளையும் அவசரமாகத் திறக்கிறான். “பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க.” பானெட்டுக்குத் திரும்பி வந்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுகிறான், பாதிதான் உரிகிறது. ஏன் என்று அவள் கேட்பாள் என்று தலை நிமிராமல் காத்திருக்கிறான். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். “நாள் பூரா அடுப்பாண்டதான நிக்கிறேன்? என் பொடவ வாடையா இருக்கும்ண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க.”