பதினான்காவது பதிவு

"உங்கள் பதிவு எங்கள் விதிமுறைகளுக்கு ஏற்றதாக இல்லை. நீக்கப்பட்டுவிட்டது."

மொபைலைப் பார்த்த ஜெயசீலி டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்படி என்ன எழுதிவிட்டாள்?

'சேலையூரில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது. என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. தயவுசெய்து தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.'

கூடவே ஒரு பாட்டில் தண்ணீரின் படம். அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் எல்லோர் கையிலும் இருக்கிற 'ஊர்ச்சத்தம்' ஆப்பில் காலையில் போட்டது, மதியத்துக்குள் காணோம்.

மறுபடியும் போட்டாள். இந்த முறை அவள் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

டீச்சர் வீட்டு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜெனி அந்த ஆப்பை நடத்தும் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். பெருங்குடியில் ஆபீஸ். எந்தப் பதிவு இருக்கலாம், எது போகணும் என்று பார்க்கிற பிரிவு.

சாயங்காலம் ஜெனி ஸ்கூட்டியை நிறுத்தியதும் டீச்சர் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஜெனி, என் பதிவை உங்க ஆபீஸ்ல யாரு எடுத்தது?"

ஜெனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நான்தான் டீச்சர்."



"நீயா? இதே தண்ணியைத்தானே நீயும் பிடிக்கிற? நான் எழுதினதுல என்ன பொய்?"

"பொய் ஒண்ணும் இல்ல டீச்சர். கவர்மெண்ட்லேர்ந்து ஒரு லிஸ்ட் வந்துது. லிஸ்ட்ல இருக்கிறதை எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன்."

"கவர்மெண்ட்ல யாரு?"

ஜெனி ஹெல்மெட்டை ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

"அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிடு" என்றாள் டீச்சர்.

உள்ளே ஹாலில் உட்கார்ந்திருந்த தேவானந்தம் எழுந்து வந்தார். டீச்சரின் கணவர், அரசு அலுவலகம் ஒன்றில் மேனேஜர். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"விடு சீலி. சின்னப் பொண்ணு. சொன்ன வேலையைச் செஞ்சிருக்கு."

"நீங்க சும்மா இருங்க."

ஐந்தாம் நாள் பின் தெரு கங்கம்மாவின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. ஜீவிதா, ஐந்து வயசு. டீச்சர் ஓடினாள். ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த கங்கம்மா அவளைப் பார்த்ததும் வெடித்தாள்.

"கொயந்த கண்ணே தொறக்கல டீச்சர்! ஈரல் பூரா பூட்ச்சாம். காய்ச்சிக் குடின்னு ஒரு வார்த்த யாராச்சும் சொல்லிருக்கக்கூடாதா? அந்த ஆப்பத்தான் தெனமும் பாத்துக்கினு கீறேன். ஒண்ணுமே வர்லியே!"

'எழுதினேனே' என்று சொல்ல வந்த டீச்சர், அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரைப் பிரித்தவள் அப்படியே உறைந்து போனாள்.

முதல் பக்கத்தில் ஒரு மெயிலின் படம்.

'நேற்றைய கூட்டத்தில் பேசிக்கொண்டபடி, தண்ணீர் பற்றிப் பீதி கிளப்பும் கீழ்க்கண்ட முப்பத்தொரு பதிவுகளையும் நீக்கவும். எழுத்துபூர்வமான உத்தரவு எதுவும் தனியாக வராது.'

கீழே கம்பெனியின் பதில். 'நீக்கிவிட்டோம். அடுத்த பட்டியல் எப்போது?'

அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை.

பத்து மணிக்குள் தெரு முனையில் தண்ணீர் லாரி வந்து நின்றது. மருத்துவ முகாம் போட்டார்கள். ஜீவிதா கண் திறந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

டீச்சர் பேப்பரோடு மாடிக்கு ஏறினாள். ஜெனி அட்டைப் பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை நீயா வெளியே கொடுத்த?"

"ஆமா டீச்சர். கண்டுபிடிச்சிட்டாங்க. காலையிலேயே போன் பண்ணி வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்மா."

சொல்லிக்கொண்டே வந்தவள் பார்வை அந்தக் கறுப்பு மையில் விழுந்தது.

"இந்தப் பேரை எதுக்கு அழிச்சாங்க பேப்பர்காரங்க?"

"அவங்க இல்ல டீச்சர். நான்தான் அழிச்சுக் கொடுத்தேன்."

பிடித்திருந்த கையை டீச்சர் உதறினாள்.

"நீயா? ஒரு குழந்தை செத்துப் பிழைச்சிருக்கு! ஊரு வாயையே அடைச்ச ஆளை எதுக்கு மறைக்கிற? வேலை போனப்புறமும் விசுவாசமா? யாரு அது? சொல்லு!"

"கேக்காதீங்க டீச்சர்." ஜெனியின் கண்கள் கலங்கிவிட்டன. "மெயில் வெளிய வந்துடுச்சு, தண்ணி லாரி வந்துடுச்சு. அது போதும். பேர் தெரிஞ்சா இன்னொரு குடும்பம் உடையும்."

"உடையட்டுமே! அந்த ஆளோட பொண்டாட்டிக்கும் தெரியட்டும், எப்பேர்ப்பட்டவனோட வாழறோம்னு!"

பின்னால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தேவானந்தம் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தப் பொண்ணைத் திட்டாத சீலி. அது என் பேரு. அந்த லிஸ்ட்ல பதினாலாவது உன்னோடதுன்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன்."