கணிப்பில் இல்லாத கன்று

மைனாவதியின் பசு அன்று காலையும் ஒன்பது லிட்டர் கறந்தது. ஆனாலும் பத்து மணிக்கெல்லாம் கறவைக் கணிப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. அதிகாரி பசுவின் காதில் மாட்டியிருந்த வில்லையைக் கருவியால் படித்தார்.

“அடுத்த ஈத்துல கறவை பாதியாயிரும்னு வருதுங்க. இத விட்டு வெச்சா நாட்டோட சராசரி எறங்கிரும்.”

“அடுத்த ஈத்தப் பத்தி இன்னைக்கே எப்படிங்க சொல்றீங்க? கன்னு போட்டு எட்டு நாள்தானுங்க ஆச்சு.”

அவர் ஆட்களைப் பார்த்துக் கை காட்டினார். மிரண்டு பின்வாங்கிய பசுவை இரண்டு ஆட்கள் நெட்டித் தள்ளி வண்டியில் ஏற்றினார்கள். மைனாவதி கன்றை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“இதையும் தாயோட ஏத்திக்குங்க சார். பசியில செத்துப் போயிருமுங்க.”

“கெடேரியா இருந்தா ஏத்தியிருப்போம். காளைக்கன்னு எங்க கணிப்புலயே வராதுங்க.”

வண்டி போய்விட்டது. கன்று வெறும் கட்டுத்தறியை முகர்ந்து பார்த்துவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தியது. வீட்டுக்குள் அவளுடைய மூன்று மாதக் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. கன்று மறுபடியும் கத்தியது. மைனாவதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்குள் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது.