வெல்டா, போல்ட்டா?

அநியாயம் நடந்தது அப்பாவுக்கு. செய்தது அம்மா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சீட் பார்த்துக் கொடுத்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, சொந்தப் பெண்டாட்டியின் காரில் ஏற வழியில்லை.

இது மகளின் கட்சி. அவள் ஒரு கட்சி எடுத்தால் லேசில் விடமாட்டாள்.

கதவு இருக்கிறது. திறக்கவும் செய்கிறது. திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே இரண்டு இரும்புக் குழாய்கள்!

"இன்னொரு தடவை பார்க்கிறேனே," என்றார் அப்பா.

ஆபரேஷன் செய்த முழங்கால் மடங்கமாட்டேன் என்றது. தலையை முதலில் விட்டார், தோள் சிக்கியது. திரும்பி நின்று பின்பக்கத்தை விட்டார். அது அதைவிட மோசம்.

"போதும்பா, பார்க்கச் சகிக்கல!" மகள் அவரைப் பிடித்து வெளியே இழுத்தாள். "அம்மா, இது உனக்கே நல்லா இருக்கா?"

அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, காலைத் தூக்கிக் குழாய்க்கு மேலே போட்டு, சர்க்கஸ்காரி மாதிரி உள்ளே நுழைந்திருந்தாள். இரண்டே சீட் உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மகளைவிட வயதில் மூத்தது. செல்லமும் அதற்குத்தான் அதிகம் என்பது மகளின் பழைய புகார்.

"என்னை என்னடி பண்ணச் சொல்றே? மலைப் பந்தயத்துல ஓட்டணும்னா ரோல் கேஜ் கட்டாயம். வண்டி உருண்டா கூரை நம்ம தலையில உட்காரக்கூடாது. பக்கவாட்டுல இடிச்சா கதவு மடியில வந்து விழக்கூடாது. அதுக்குத்தான் இந்தக் குழாய். ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் உள்ளே விடுவாங்க."

"பந்தயம் ஒரு நாள் கூத்து. அப்பா வருஷம் பூரா இருக்காரே!"

"அவரை நான் எங்கேடி விட்டேன்? ஆபரேஷனுக்கு அப்புறம் அவரை வீட்ல தனியா விட்டுட்டு இந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுத்ததில்ல. பயிற்சிக்குப் போனாக்கூட பக்கத்துல அவர்தான்."

"இனிமே எடுப்பே. தனியா. ஜாலியா."

அம்மாவின் முகம் சுருங்கியது. "போல்ட் போட்டுக் கழட்டுற மாதிரி வைங்கன்னுதான் நான் கேட்டேன். இந்த மாடலுக்கு ஆகாது, வெல்டுதான் நிக்கும்னுட்டார் வெல்டிங்காரர். என்னங்க, ரொம்ப வலிக்குதா?"

"சேச்சே," என்றார் அப்பா, முழங்காலைத் தடவிக்கொண்டே.

அம்மாவின் போன் அடித்தது. "ரத்தம் நிக்கலையா? பஞ்சைத் துப்பாதீங்க, கடிச்சுக்கிட்டே இருங்க. பேசாதீங்க, நான் பேசறேன்..." என்றபடி சர்க்கஸைத் தலைகீழாகச் செய்து இறங்கி, கேட் பக்கம் போய்விட்டாள்.

மகளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. பட்டறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மூலையில் ஒரு பச்சைக் கார் நின்றது. அதே மூக்கு, அதே முட்டைக்கண் விளக்கு.

"அண்ணா, இது எங்க அம்மா வண்டிக்குக் கூடப்பிறந்ததா?"

"ஆமா பாப்பா," என்றார் வெல்டிங்காரர். "அதே மாடல். கலர்தான் வேற."

"நான் பாப்பா இல்ல. எம்.ஏ. ரெண்டாவது வருஷம்."

"சரி பாப்பா."

அவள் பச்சைக் காரின் கதவைத் திறந்தாள். அங்கேயும் குறுக்கே குழாய்கள். ஆனால் ஒவ்வொன்றின் நுனியிலும் கட்டைவிரல் தடிமனில் போல்ட்.

"இதைக் கழட்டினா?"

"கையோட வந்துடும்..." சொல்லி முடிப்பதற்குள் வெல்டிங்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ எங்க அம்மாகிட்ட ஆகாதுன்னு ஏன் சொன்னீங்க? ஒரு புருஷன் பெண்டாட்டியை இரும்பு வச்சுப் பிரிச்சிருக்கீங்க! உங்களுக்கு என்னண்ணா லாபம்?"

அவர் முகமூடியை இழுத்து மூஞ்சியை மறைத்துக்கொண்டார். கையில் வெல்டிங் வேலை எதுவும் இல்லை.

"அம்மா சொல்லிக் கொடுத்துதானே சொன்னீங்க? எனக்குத் தெரியும். எனக்குத்தான் எல்லாம் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து நாடகமா ஆடுறீங்க?"

முகமூடி மெல்லத் திரும்பியது. அவள் பக்கம் அல்ல, அப்பா பக்கம். அப்பாவோ திடீரென்று டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்பா?"

"மெதுவாப் பேசு, வக்கீலம்மா. அவ கேட்லதான் நிக்கிறா."

"நீங்களா?! அப்போ இவ்வளவு நேரம் தலையை விட்டு, தோளை விட்டு..."

"நம்புற மாதிரி இருக்க வேணாமா?"

மகள் அப்பாவுக்கும் டயருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"உங்க சீட்டை நீங்களே அடைச்சுக்கிட்டு, திட்டு முழுக்க அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துட்டு... ஏன்பா? என்னதான் வந்தது உங்களுக்கு?"

அப்பா கேட்டைப் பார்த்தார். அம்மா இன்னும் போனில் யாரையோ பஞ்சைக் கடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் பக்கத்துல இருந்தா, குலுங்கி என் கால் வலிச்சிடுமேன்னு நாற்பதைத் தாண்டமாட்டா. மலையில பறக்க வேண்டியவ, தொட்டில் ஆட்டுற மாதிரி ஓட்டிட்டு வர்றா. என்னை விட்டுட்டுப் போன்னா கேக்கமாட்டேங்கிறா. போல்ட் வச்சா, மறுநாளே அதைக் கழட்டிட்டு என்னைத் தூக்கி உட்கார வச்சுக்குவா. வெல்ட் வச்சா ரெண்டு நாள் வருத்தப்படுவா. மூணாம் நாள் ஆசை தீர ஓட்டுவா."