இரண்டாவது பிளேட்

"கேமரா மூடியை எடுக்க மறந்துட்டேன் ஐயா."

அருளப்பன் நீட்டிய கண்ணாடி பிளேட்டைப் பண்ணைக் காரியஸ்தர் சுந்தரபாண்டியன் வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒரு கோடுகூட விழவில்லை. ராஜபாளையத்தில் பன்னிரண்டு வருஷமாகப் போட்டோ பிடிக்கிறவன் சொல்கிற சாக்கா இது?

"ஏலே, வண்டி கட்டி வத்திராயிருப்புக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனேன். என் கண்ணு முன்னால அம்புட்டுக் காட்டுவாத்தும் தண்ணியை அடிச்சுக்கிட்டு எழும்புச்சு. நீ மூடியைப் போட்டுக்கிட்டுப் படம் பிடிச்சிருக்கே."

"தப்புத்தான் ஐயா."

"இன்னைக்கு ரயில் தபால்ல படம் போகணும். பார்த்தாத்தான் மதுரைக் கலெக்டர் துரை கிறிஸ்துமஸ் லீவுக்குத் துப்பாக்கியோட இங்க வருவாரு. இல்லேன்னா ஊட்டிக்குப் போயிருவாரு. அப்புறம் எங்க முதலாளிக்கு ராவ்பகதூர் பட்டம் கிடைச்ச மாதிரித்தான்."

கதவோரம் நின்ற அருளப்பன் மனைவி ஏசம்மாள் வாயைத் திறந்தாள். "வாத்தை விரட்ட ஆளுக தண்ணில இறங்கணுமே ஐயா. போன வருஷம் அப்படி இறங்குன வீரணனுக்குத் துப்பாக்கி ரவை பட்டுக் கண்ணு போச்சுன்னாகளே."

"ஒத்தக் கண்ணுதானம்மா போச்சு. இன்னொண்ணு இருக்குல்லா. இறங்க மாட்டேன்னு சொன்னா போலீசை வச்சு இறக்கிப்புடலாம்" என்றவர், சட்டென்று அருளப்பன் பக்கம் திரும்பினார். "ரெண்டு பிளேட்டுல்லா மாட்டுனே. இன்னொண்ணு எங்க?"

அருளப்பன் இருட்டறைப் பக்கம் திரும்பினான். "அதுவும் இப்படித்தான் ஐயா."

"நீ நில்லு. ஏம்மா, நீ போயி எடுத்துட்டு வா."

கெட்டது காரியம். படம் கழுவுகிற இருட்டறைத் தொட்டியில் அந்த இரண்டாவது பிளேட் ஊறிக்கொண்டிருந்தது. வாத்துக் கூட்டம் அதில் அச்சாக விழுந்திருந்தது. துரை வரக் கூடாதென்று முதல் பிளேட்டை வேண்டுமென்றே கெடுத்தவன், இதை அழிக்க மனசு வராமல் போட்டு வைத்திருந்தான். ஏசம்மாளோ, கோயிலிலும் வீட்டிலும் ஒரே பேச்சுப் பேசுகிறவள். புருஷன் தப்புச் செய்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிடுவாள்.

செத்த நேரம் கழித்து வந்தாள். கையில் வெறுங்கண்ணாடி.

"இந்தா பாருங்கய்யா. இதுலயும் ஒரு மண்ணும் இல்ல. இவியளைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். சோத்தைத் தின்னமான்னுகூட மறந்து போற மனுசன்."

அருளப்பன் தலை நிமிரவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கடைசியில் காரியஸ்தருக்கே மனசு இளகிப்போனது.

"விடும்மா, பாவம். ஆனா ஒண்ணு, பண்ணை வீட்டுக் கல்யாணப் படம் இனி உங்களுக்குக் கிடையாது."

காரியஸ்தர் வண்டி தெருமுனை திரும்பியது.

"ஏசம்மா, தொட்டியில கிடந்தது..."

"அடுப்புல வெந்நி கிடந்துச்சு. ஊத்துனேன். படம் பதிஞ்ச மருந்து அம்புட்டும் கழண்டு ஓடிருச்சு." முந்தானையில் கையைத் துடைத்தாள். "முழுசாப் பார்த்துட்டுத்தான் ஊத்துனேன். இந்தப் பன்னிரண்டு வருஷத்துல நீங்க பிடிச்ச படத்துலயே அதுதாங்க ஒசத்தி."