பதினான்காவது பெட்டி

பெட்டி பாறை இடுக்கில்தான் இருந்தது. கையை விட்டுத் துழாவி எடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மூன்றாவது நாள். காலுறைக்குள் கொப்புளம் உடைந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ராவிரி வாயைத் திறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் தேடும் குழுவிலேயே பெரிய வாயாடி அவன். அவனே பேசவில்லை என்றால் மற்றவர்கள் கதியைச் சொல்ல வேண்டாம்.

கிர்ஸ்டி மட்டும் உட்கார மறுத்தாள். காணாமல் போன அலிஸ்டரின் ஒரே மகள். பெர்த்திலிருந்து மூன்று விமானம் மாறி இன்று காலைதான் வந்து சேர்ந்தாள். கீழேயே இரு என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை.

அலிஸ்டருக்கு எழுபத்து நான்கு வயது. சனிக்கிழமை காலை தனியாக மலையேறியவர் திரும்பவில்லை. ராத்திரியானால் புல்லெல்லாம் உறைபனி. இன்றைக்குள் கிடைத்தால் உயிரோடு கிடைக்கலாம். நாளையைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு காலத்தில் இந்த ஒட்டாகோ மலையில் தங்கம் தேடி அலைந்தார்கள். மண்ணைக் கழுவத் தண்ணீர் கொண்டுபோக அவர்கள் வெட்டிய வாய்க்காலை ஒட்டி, அடிவாரத்திலிருந்து உச்சிவரை வரிசையாக எண் போட்டு ஒளித்து வைத்த பிளாஸ்டிக் டப்பாக்களை இப்போது தேடி அலைகிறார்கள். போனில் இடக்குறி பார்த்துப் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். பிறகு இணையத்தில் 'கிடைத்தது' என்று போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு, பரிசு கிரிசு எதுவும் கிடையாது. இதற்காகவா ஒரு மனிதர் குளிரில் கிடக்கிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"இந்த மேட்டையே ஏன் சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்று கேட்டாள் கிர்ஸ்டி.

"உங்கப்பா இது வரைக்கும் வந்துட்டார்மா. பதினாலாவது பெட்டி கெடச்சிருச்சுன்னு சனிக்கிழமை இணையத்துல எழுதியிருக்கார். அவரோட ஆயிரமாவது பெட்டியாம். அப்போ இதுக்கு மேலதானே எங்கேயோ இருக்கணும்?" என்றேன்.

உச்சியில் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்தே போட்டிருப்பார் என்று நினைத்தோம். நோட்டில் கையெழுத்துப் போடாமல் இவர்கள் இணையத்தில் எழுத மாட்டார்கள், அதில் ரொம்பக் கறார். அதனால்தான் இத்தனை தடவை இந்தப் பாறையைத் தாண்டியும் பெட்டியைத் திறந்து பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை.

இப்போதுகூட அவளுக்காகத்தான் எடுத்தேன். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வருமே.

நோட்டில் கடைசியாகப் பெயர் எழுதியிருந்தவர்கள் இரண்டு ஜெர்மன்காரர்கள். மார்ச் மாதம். இப்போது மே.

பின்பக்கத்தைப் பார்த்தேன். அட்டையைக்கூடப் பார்த்தேன். அலிஸ்டரின் பெயர் எங்கேயும் இல்லை.

கிர்ஸ்டியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இணையத்துல இருக்கிறது அப்பா எழுதுனது இல்ல," என்றாள். "நான் எழுதுனது."

ராவிரி தலை நிமிர்ந்தான்.

"அவருக்குக் கண்ணு சரியில்ல. போன்ல தட்டவே வராது. எப்பவும் பெர்த்துலேருந்து நான்தான் அவர் பேர்ல எழுதுவேன். சனிக்கிழமை காலைல வாய்ஸ் மெசேஜ் போட்டார், இன்னைக்குப் பதினாலு வரைக்கும் போறேன், ஆயிரம் முடிஞ்சிரும்னு. சாயங்காலம் ஒண்ணும் வரல. சிக்னல் இல்லைன்னு நெனச்சேன். மறுநாள் காலைல எந்திரிச்சதும் பாத்தா சந்தோஷப்படுவாரேன்னு எழுதிட்டேன்."

போலீஸ் போனில் அவளிடம் கேட்டதெல்லாம் அப்பாவின் மலையேறும் சட்டை என்ன கலர் என்பதைத்தான். இணையத்தில் இருந்ததை நம்பித்தான் தேடுகிறோம் என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை, அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. நாற்பது பேர் மூன்று நாளாக, அவர் ஏறியே வராத உச்சியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வயர்லெஸ்ஸில் கீழே சொன்னேன். தேடலை நடத்தும் அதிகாரியின் குரல் கரகரப்பினூடே வந்தது.

"சரி, எங்கேருந்து ஆரம்பிக்க? பாதை முழுக்கப் பள்ளமும் பழைய சுரங்கக் குழியுமா கெடக்கு. வெளிச்சம் மூணு மணி நேரம்தான் இருக்கு."

ராவிரி குளிரில் விறைத்த விரல்களால் வரைபடத்தை விரிக்கப் பார்த்தான். எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

"ஒன்பதாவது பெட்டி," என்றேன். "வாய்க்கால் இடிஞ்சிருக்கிற பள்ளம். எல்லாரையும் அங்கே அனுப்புங்க."

"ஏன் அங்கே?"

"விசில் சத்தம் கேட்டுச்சு."

மும்மூன்றாகக் கேட்டது. மூன்று, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. யாரோ மேய்ப்பன் நாய்களுக்கு விசில் அடிக்கிறான் என்று நினைத்தேன். இந்த மலையில் தினமும் கேட்கிற சத்தம்தான். அதுவும் நாங்கள் தேடும் ஆள் மேலே அல்லவா இருந்தார்? நடையைக்கூட நிறுத்தவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

"எப்போ கேட்டுச்சு?"

கிர்ஸ்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை," என்றேன். "நேத்தும்."

'இன்னைக்கு?' என்று அவள் கேட்கவில்லை. காலையில் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது அவள் என் பக்கத்தில்தான் நடந்து வந்தாள். ஒரு சத்தமும் இல்லை.