முப்பது மைல்

லெஸ்டரிலிருந்து பிரிஸ்டலில் உள்ள மகள் வீட்டுக்கு நூற்றிருபது மைல். போய்வர எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காசு என்று குகதாசன் கணக்குப் போட்டு மனைவி தவமலரிடம் நீட்டினார். அவர் வழி தவறாத பயணமே கிடையாது என்பதால், அவள் எப்போதும் அதில் முப்பது மைல் கூட்டுவாள். அப்படித் தவறிய பாதையில்தான் ஒருமுறை ஏரி கிடைத்தது. இன்னொருமுறை செம்மறியாடுகள் மறித்த பாலத்தில் ஒரு மணிநேரம் இருந்து கதைத்தார்கள். இந்த முறை கார் புதிது. வழி சொல்லும் குரலும் அதில் இருந்தது.

"இனி உந்த முப்பது தேவையில்லையப்பா," என்று அவள் பேனையை மூடினாள்.

"இல்லை, நீர் எழுதும்."

எழுதினாள்.

சனிக்கிழமை, முதல் சந்தியிலேயே குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. குகதாசன் வலப்பக்கம் திருப்பினார். தவமலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள்.